சிக்கலான போர்களுக்கு ஏன் வார்கேம்கள் குறைவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், வார்கேம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

மேசையில் விரிக்கிற ஒரு மேப், அதன் மேல் சின்னச் சின்ன அட்டைச் சதுரங்கள், பகடை, கனமான விதிப்புத்தகம். அட்டைச் சதுரத்தைக் கவுன்டர் என்பார்கள். ஒவ்வொரு கவுன்டரும் ஒரு படைப்பிரிவு. சண்டை பலம் எவ்வளவு, எத்தனை கட்டம் நகரும் என்பது அதன் மேலேயே அச்சாகியிருக்கும். நிஜப் போர் ஒன்றை அது தொடங்கிய நிலைமையிலிருந்தே மறுபடி ஆடிப் பார்க்கிறோம். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி செம்மைப்படுத்திய ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ ராணுவப் பயிற்சிக்கானது. வீட்டில் ஆடும் வடிவம் 1954இல் அமெரிக்காவில் சார்லஸ் ராபர்ட்ஸ் வெளியிட்ட ‘டாக்டிக்ஸ்’ ஆட்டத்தோடு சூடு பிடித்தது. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் மேசை ஆட்டங்களைப் பற்றித்தான் பேசுகிறேன். வீடியோ கேம்களும் நடுவில் வரும். சிக்கலான போர் என்று நான் சொல்வது கிளர்ச்சி, உள்நாட்டுப் போர் போல, தெளிவான போர்முனையோ எல்லோரும் ஒப்புக்கொள்ளும் முடிவோ இல்லாதவற்றை.

நிஜமாகவே பற்றாக்குறையா? வியட்நாம் பற்றி நிறைய இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் 1944 டிசம்பரில் நடந்த ஆர்டென்ஸ் சண்டை ஒன்றுக்கே டஜன் கணக்கில் ஆட்டங்கள் உண்டு. ஸ்டாலின்கிராடும் அப்படித்தான். எட்டு வருடம் நடந்த அல்ஜீரிய விடுதலைப் போருக்கு விரல் விட்டு எண்ணிவிடலாம். சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் கழித்த ஒன்பது வருடங்கள், 2003க்குப் பிந்தைய ஈராக், சிரியா எல்லாமே அந்த ரகம்தான். இருப்பதிலும் பல, பத்திரிகையோடு இலவச இணைப்பாக வந்தவை, அல்லது சிறு அச்சில் வந்து தீர்ந்துபோனவை.

ஒரு விதிவிலக்கு சொல்லிவிடுகிறேன், அது ரொம்பச் சொல்லும். 1982 ஃபாக்லாந்து போர் 74 நாள்தான் நடந்தது. அதற்கு ஆட்டங்களுக்குக் குறைவே இல்லை. இரண்டு நாட்டுச் சீருடை ராணுவம், கப்பல், விமானம், தெளிவான தொடக்கம், தெளிவான சரணடைவு. சம்பந்தப்பட்ட நாடுகளுக்குள் அந்தப் போர் குறித்த அரசியல் சண்டை இன்னும் ஓயவில்லை என்றாலும், ஆட்டமாக்குவது சுலபம். ஆக, அரசியல் சூடு மட்டும் காரணம் கிடையாது. போரின் வடிவமும் ஒரு காரணம்.

விற்காது என்பதால்தானே யாரும் செய்வதில்லை?

பாதி உண்மை. 1970களில் இந்தத் துறையின் பெரிய நிறுவனம் எஸ்பிஐ (SPI; வங்கியைச் சொல்லவில்லை). ஜிம் டன்னிகன் நடத்தியது. அவர்களின் ‘ஸ்ட்ராட்டஜி அண்ட் டாக்டிக்ஸ்’ இதழில் ஒவ்வொரு முறையும் ஒரு முழு ஆட்டம் உள்ளே இருக்கும்; அடுத்து என்ன ஆட்டம் வேண்டும் என்று வாசகர்களிடமே கேட்டு வாக்கெடுப்பார்கள். ஓட்டுப் போட்டு முடிவு செய்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே பிடித்ததுதான் திரும்பத் திரும்ப ஜெயிக்கும். டாங்கியும் ஜெர்மன் ராணுவமும் வந்துகொண்டே இருந்ததற்கு அந்த ஓட்டுப்பெட்டியும் பொறுப்பு.

ஆனால் அதே டன்னிகன், புகழ்பெற்ற டாங்கி ஆட்டமான ‘பான்சர்பிளிட்ஸ்’ (1970) செய்த அதே கையால், 1968இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த மாணவர் போராட்டத்தை ஆட்டமாக்கி மறு வருடம் அங்கிருந்த மாணவர் நாளிதழில் வெளியிட்டார். அவரே அப்போது அங்கே மாணவர். 1968 ஜனநாயகக் கட்சி மாநாட்டையொட்டி சிகாகோ தெருக்களில் நடந்த மோதலும் 1970இல் அவர் இதழில் ஆட்டமாக வந்தது. துணிச்சல் இல்லாத துறை என்று சொல்லிவிட முடியாது. துணிச்சல் அவ்வப்போது வரும், கல்லா தினமும் வரவேண்டும். அவ்வளவுதான்.

இப்போது இந்தக் கணக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. ஜிஎம்டி என்ற அமெரிக்க நிறுவனம் முன்பதிவு முறை வைத்திருக்கிறது. ஒரு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 500 பேர் ‘எனக்கு வேண்டும்’ என்று பதிந்தால்தான் அச்சுக்குப் போகும். அதுவரை பணம் எடுக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கில் விற்க வேண்டிய கட்டாயம் இல்லாததால், யாரும் தொடாத போர்களுக்கும் கதவு திறந்தது.

வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோதே ஆட்டம் வந்ததா?

வந்தது. எஸ்பிஐயின் ‘கிரண்ட்’ 1971இல் வெளியானது. அமெரிக்கப் படை அப்போது இன்னும் அங்கேதான் இருந்தது. ஒரு காட்டு வழி, ஒரு கிராமம், ஒரு ரோந்து என்ற அளவில் நடக்கும் சின்ன ஆட்டம். கவனியுங்கள்: சிறிய அளவில் போனால் அரசியலைத் தவிர்த்துவிடலாம். ஒரு படைப்பிரிவு ஒரு மேட்டைப் பிடிக்கிறதா என்று மட்டும் கேட்டால், ஏன் அங்கே போனார்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. சிக்கலான போர்களைத் தொடும்போது வடிவமைப்பாளர்கள் இன்றுவரை அதிகம் பிடித்துக்கொள்ளும் வழி இதுதான்.

முழுப் போரையும் எடுத்துக்கொண்ட முக்கியமான முயற்சி 1984இல் வந்த ‘வியட்நாம் 1965–1975’. நிக் கார்ப் வடிவமைத்தது. தென் வியட்நாமின் தலைநகரான சைகோனில் எந்தத் தளபதி யாருக்கு விசுவாசம், அமெரிக்காவில் மக்களின் மனநிலை எப்படி இறங்குகிறது என்பதெல்லாம் விதிகளுக்குள் இருந்தது. முழுதாக ஆடி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். முடித்தவர்களை விட வாங்கி அலமாரியில் வைத்தவர்கள்தான் அதிகம் என்று அடித்துச் சொல்வேன். நானும் அதில் ஒருவன்.

இதில் ஒரு வேடிக்கை. ராணுவம் தனக்குள் ஆடிப் பார்க்காமல் போகவில்லை. 1964இல் பென்டகனில் ‘சிக்மா’ என்ற பெயரில் நடத்திய ஆட்டங்கள், குண்டு போட்டு வட வியட்நாமைப் பணிய வைக்க முடியாது என்ற பக்கமே சாய்ந்தன. 1965 மார்ச்சில் குண்டுவீச்சு தொடங்கியது.

அப்படியானால் உண்மையான தடை எது?

வெற்றி நிபந்தனை. இந்தப் பக்கம் முழுவதிலும் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

எந்த ஆட்டத்திலும் கடைசியில் ஒருவர் ஜெயிக்க வேண்டும். ஆர்டென்ஸ் என்றால் ஜெர்மானியர்கள் மியூஸ் ஆற்றைத் தொட்டார்களா இல்லையா என்று எழுதிவிடலாம். ஆப்கானிஸ்தானுக்கு என்ன எழுதுவீர்கள்? எத்தனை மாவட்டம் கையில் இருக்கிறது என்பதா, எத்தனை பேரைக் கொன்றார்கள் என்பதா, எத்தனை பள்ளிக்கூடம் திறந்தது என்பதா? எதை எழுதினாலும் அந்தப் போர் எதற்காக நடந்தது என்பது பற்றி ஒரு கருத்தைச் சொல்லியாகிவிட்டது. எழுதாமல் விட்டால் ஆட்டம் கிடையாது. அரசியல் வேண்டாம் என்று ஒதுங்குகிற வடிவமைப்பாளர் கடைசிப் பக்கத்தில் மாட்டிக்கொள்வார்.

இதை நன்றாகக் கையாண்ட ஆட்டம் ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். 2014இல் மார்க் ஹெர்மனும் வோல்கோ ருன்கேவும் சேர்ந்து செய்த ‘ஃபயர் இன் த லேக்’. வியட்நாம் போர், நான்கு பேர் ஆடுவது. அமெரிக்கா, தென் வியட்நாம் அரசு, வட வியட்நாம் ராணுவம், தெற்கில் போரிட்ட கம்யூனிஸ்ட் கெரில்லாக்களான வியட்காங். நால்வருக்கும் நான்கு வெவ்வேறு கணக்கு.

அமெரிக்காவின் மதிப்பெண்: அரசுக்கு மக்கள் தரும் ஆதரவு, அதோடு போர்க்களத்தில் *இல்லாத* அமெரிக்கத் துருப்புகளும் தளங்களும். இரண்டையும் கூட்டி 50ஐத் தாண்ட வேண்டும். அதாவது ஆள் இறக்கினால் மதிப்பெண் குறையும். இறக்காவிட்டால் ஆதரவு சரியும். பெட்டியிலிருந்து ஒரு துருப்புக் கட்டையை எடுத்து மேப்பில் வைக்கும்போது, உங்கள் கணக்கைக் காட்டும் குறி ஒரு கட்டம் பின்னால் நகர்வதைக் கண்ணால் பார்க்கிறீர்கள்.

தென் வியட்நாம் அரசின் மதிப்பெண்: கட்டுப்பாட்டில் இருக்கும் மக்கள்தொகை, அதோடு ‘பேட்ரனேஜ்’. நம் பாஷையில் சொன்னால் வேண்டியவர்களுக்கு வாரிக் கொடுத்துச் சேர்த்த செல்வாக்கு. அமெரிக்கா அனுப்பும் உதவிப் பணத்திலிருந்து எடுத்து இந்தக் கணக்கில் போட்டுக்கொள்ள, அந்தத் தரப்பை ஆடுபவருக்கு ஒரு நகர்வே இருக்கிறது. இருவரும் ஒரே அணி. ஜெயிப்பது ஒருவர் மட்டும்.

முதல் முறை நாங்கள் நால்வர் உட்கார்ந்தபோது தென் வியட்நாமை எடுக்க யாருக்கும் மனமில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டோம். மாட்டிக்கொண்ட நண்பர் பரம சாது. ஒரு மணி நேரத்தில், உதவிப் பணத்தை எப்படிச் சுருட்டலாம் என்று விதிப்புத்தகத்தில் வரி வரியாகத் தேடிக்கொண்டிருந்தார். எதிரே அமெரிக்காவாக இருந்தவர், ‘நாம ரெண்டு பேரும் ஒரே பக்கம்தானே?’ என்று மூன்றாவது முறையாகக் கேட்டார். பதில் வரவில்லை. ஊழலைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அது எவ்வளவு நியாயமாகத் தெரிகிறது என்பது வேறு.

இரண்டு பேர் ஆடும் பழைய முறையில் இதைச் செய்ய முடியாதா?

கஷ்டம். பழைய முறையின் அடிப்படையே இரண்டு பக்கம், நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடு முன்னே போகிறதா பின்னே வருகிறதா என்பதுதான் ஆட்டம். கிளர்ச்சிப் போரில் கோடே கிடையாது. பகலில் அரசாங்கம், ராத்திரியில் வேறு ஆள் என்று ஒரே கிராமம் இரண்டு பேர் கையிலும் இருக்கும்.

ருன்கே தொடங்கிய ‘கோயின்’ வரிசை (கிளர்ச்சி ஒடுக்கலைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம்; 2012இல் கொலம்பியா நாட்டைப் பற்றிய ‘ஆண்டியன் அபிஸ்’ முதல் ஆட்டம்) இதனால்தான் முக்கியம். கெரில்லாக் கட்டை மறைந்திருக்கலாம், வெளிப்பட்டும் இருக்கலாம். ஒரே மாகாணத்தில் நான்கு தரப்பும் அருகருகே குடியிருக்கலாம். பிரையன் ட்ரெய்னும் ருன்கேவும் செய்த ‘எ டிஸ்டன்ட் பிளெய்ன்’ ஆப்கானிஸ்தான் பற்றியது. அதில் போர்ப் பிரபுக்களின் இலக்கு எனக்கு மிகப் பிடிக்கும்: பணம் சேர வேண்டும், யார் கட்டுப்பாட்டிலும் இல்லாத மக்கள்தொகை நிறைய இருக்க வேண்டும். நாடு பிடிக்க ஆசையே இல்லாத ஒரு தரப்பு! யாரும் ஜெயிக்காமல் பார்த்துக்கொள்வதே அவர்களுக்கு வெற்றி.

போர் முடிந்து எவ்வளவு காலம் கழித்து ஆட்டம் செய்யலாம்?

இதற்குக் கணக்கு எதுவும் கிடையாது. ‘எ டிஸ்டன்ட் பிளெய்ன்’ வந்தது 2013இல். அந்தப் போர் 2021 ஆகஸ்டில்தான் முடிந்தது. முடிவு தெரியாமலே செய்தார்கள். இன்று ஆடினால், வெளிநாட்டுப் படைக்கு மதிப்பெண்ணே தன் ஆட்களை வீட்டுக்கு அனுப்புவதில் இருக்கிறது என்று எட்டு வருடம் முன்பே எழுதிவைத்தது உறைக்கிறது.

இன்னும் விசித்திரமானது ‘கல்ஃப் ஸ்ட்ரைக்’. 1983இல் மார்க் ஹெர்மன் செய்த வளைகுடா ஆட்டம், அப்போது கற்பனைப் போர். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் நுழைந்ததும், பென்டகன் உடனே அவரை அழைத்து அந்த ஆட்டத்தின் அடிப்படையில் நிலைமையை ஆராய வைத்தது. கடையில் கிடைத்த பெட்டிதான். அந்த வேகத்தோடு பார்த்தால், ‘இன்னும் காலம் கனியவில்லை’ என்று சொல்வது பெரும்பாலும் பதிப்பாளரின் தயக்கம்.

ஆனால் இறந்தவர்களின் வீட்டில் ஈரம் காயாதபோது அதைப் பொழுதுபோக்காக விற்பது பற்றிய கூச்சம் பொய்யில்லை. அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். ஒரே ஒரு கேள்விதான்: அதே கூச்சம் ஸ்டாலின்கிராடுக்கு மட்டும் ஏன் வருவதில்லை?

இரண்டாம் உலகப் போர் ‘சுத்தமான’ போர் என்பதாலா?

அப்படி ஆக்கிக்கொண்டோம். கவுன்டரில் சண்டை பலமும் வேகமும் அச்சாகும். முன்னணிக்குப் பின்னால் நடந்த படுகொலைகள் எந்தக் கவுன்டரிலும் அச்சாகாது. கிழக்கு முனை ஆட்டங்களில் நாஜிக் கட்சியின் தனிப்படையான எஸ்எஸ்ஸுக்குத் தனியாகக் கறுப்பு நிறம் கொடுப்பது பல காலமாக வழக்கம். அழகாக இருக்கும் என்பதுதான் காரணம். நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் குமட்டும்.

அந்தப் போரும் எல்லா ஊரிலும் சுத்தமாக இல்லை. ‘கம்பெனி ஆஃப் ஹீரோஸ் 2’ வீடியோ கேம் 2013இல் வந்தபோது, செம்படை தன் வீரர்களையே சுடுவது போன்ற காட்சிகளுக்கு ரஷ்யாவில் கடும் எதிர்ப்பு. அங்கே விநியோகித்த நிறுவனம் விற்பனையை நிறுத்தியது. யாருடைய நினைவு என்பதைப் பொறுத்துத்தான் சிக்கல்.

எதிரியின் பக்கம் ஆடுவது தப்பில்லையா?

மேசை ஆட்டக்காரர்கள் இதைக் கேட்பதே இல்லை, யாராவது ஒருவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தே ஆக வேண்டும். வீடியோ கேமில் நிலைமை வேறு. 2010இல் ‘மெடல் ஆஃப் ஹானர்’ ஆப்கானிஸ்தானைக் களமாக்கி, பலர் சேர்ந்து ஆடும் பகுதியில் ஒரு அணிக்குத் தாலிபான் என்று பெயர் வைத்தது. பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் லியாம் ஃபாக்ஸ் அதைக் கடைகள் விற்கக் கூடாது என்றார். அமெரிக்க ராணுவ முகாம்களுக்குள் இருந்த கடைகளும் விற்க மறுத்தன. வெளியாவதற்குச் சற்று முன்பு பெயரை ‘எதிரணி’ என்று மாற்றினார்கள். அதே உடை, அதே துப்பாக்கி, அதே மலை. பெயர் மட்டும் போனது. எல்லோரும் சமாதானமாகிவிட்டார்கள்.

என்னைக் கேட்டால் எதிரியின் நாற்காலியில் உட்காரும் ஆட்டம்தான் நேர்மையானது. அங்கே உட்கார்ந்தால்தான் அவன் ஏன் சரணடையவில்லை என்று புரியும்.

வீடியோ கேம்களை நிறுத்துவது அரசாங்கமா, நிறுவனங்களா?

நான் பார்த்தவரை அதிகம் நிறுத்துவது விற்கும் இடம்தான். ஆப்பிளின் ஆப் ஸ்டோர் விதிகளில் ஒன்று: ஆட்டத்தின் எதிரிகள் ஒரு குறிப்பிட்ட இனமோ, நிஜ அரசாங்கமோ, நிஜ அமைப்போ மட்டுமாக இருக்கக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விதியில் மாட்டியவை எவை? சிரிய உள்நாட்டுப் போரைப் பற்றிய ‘எண்ட்கேம்: சிரியா’ நிராகரிக்கப்பட்டு, கற்பனை நாட்டின் பெயரோடு ‘எண்ட்கேம்: யூரேசியா’ என்று திரும்பி வந்தது. கிராமத்து மக்களின் மனதை வெல்வதையே மையமாக வைத்த ‘ஆப்கானிஸ்தான் ’11’ 2017இல் நீக்கப்பட்டது. யோசித்துச் செய்தவை அகப்பட்டன. பெயரில்லாத ‘பயங்கரவாதிகளை’ ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளும் ஆட்டங்களுக்கு இந்த விதி ஒன்றும் செய்யாது.

‘சிக்ஸ் டேஸ் இன் ஃபலூஜா’ விவகாரம் என்ன?

2004 நவம்பரில் ஈராக்கின் ஃபலூஜா நகரில் நடந்த சண்டையை அமெரிக்கச் சிப்பாய்களின் அனுபவத்தை வைத்து எடுத்த ஆட்டம். 2009இல் அறிவித்தார்கள், எதிர்ப்பு வெடித்து, சில வாரங்களிலேயே வெளியிட இருந்த கொனாமி பின்வாங்கியது. 2021இல் வேறு நிறுவனங்களின் கையில் திரும்பி வந்தது. அரசியல் பேசும் எண்ணமில்லை என்று முதலில் சொன்னார்கள். கேலியும் கோபமும் கிளம்ப, இந்தச் சம்பவங்களை அரசியலிலிருந்து பிரிக்க முடியாது என்று சில வாரங்களில் அவர்களே அறிக்கை விட்டார்கள். 2023 ஜூனில் முழுமையாகாத வடிவில் விற்பனைக்கு வந்தது.

நகரத்துக்குள் வீடு வீடாக நுழையும் பயத்தை அது நன்றாகக் காட்டுகிறது என்று ஒத்துக்கொள்ளலாம். ஆனால் கதவைத் திறப்பவனின் பயம் மட்டும்தான் ஆட்டத்தில் இருந்தால், உள்ளே இருப்பவர் வெறும் சத்தமாகிவிடுகிறார். ‘கிரண்ட்’ பற்றிச் சொன்னதுதான் இங்கேயும்: அளவைச் சுருக்கினால் கேள்வியைத் தவிர்க்கலாம்.

இந்த ஆட்டங்களில் பொதுமக்கள் எங்கே?

பெரும்பாலும் ஒரு எண்ணாக. கோயின் வரிசையில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் 0, 1, 2 என்று மக்கள்தொகை மதிப்பு உண்டு. ஆதரவு, எதிர்ப்பு என்று ஒரு குறி. ‘ட்விலைட் ஸ்ட்ரகிள்’ (2005) இன்னும் மேலே போய்ப் பார்க்கும். பனிப்போர் முழுவதும் ஒரே மேப்பில். இந்தியா–பாகிஸ்தான் போர் அதில் ஒரு கார்டு. ஒரு பகடை உருட்டுவீர்கள். நல்ல எண் விழுந்தால் இரண்டு புள்ளி. முடிந்தது. எனக்கு மிகப் பிடித்த ஆட்டம்தான். ஆனாலும் அந்தக் கார்டு கையில் வரும்போதெல்லாம், வல்லரசின் மேசையிலிருந்து பார்த்தால் நாமெல்லாம் எவ்வளவு சிறியவர்கள் என்று தோன்றும். அதுதான் ஆட்டத்தின் நோக்கமும், குறை சொல்லவில்லை.

தலைகீழாகச் செய்தது போலந்திலிருந்து வந்த ‘திஸ் வார் ஆஃப் மைன்’ (2014). 1990களில் போஸ்னியாவில் நடந்த சரயேவோ முற்றுகையிலிருந்து உருவான கரு. நீங்கள் சிப்பாய் இல்லை. இடிந்த வீட்டில் மாட்டிக்கொண்ட மூன்று நான்கு பேர். பகலில் அடுப்பு செய்வது, ராத்திரியில் மருந்து தேடிப் போவது. முதியவர்கள் வீட்டில் புகுந்து அவர்கள் சாப்பாட்டைத் திருடலாமா என்று ஆட்டம் கேட்கும். திருடினால் யாரும் உங்களைத் தண்டிப்பதில்லை, திரும்பி வந்த உங்கள் ஆள் பேசாமல் உட்கார்ந்திருப்பான்.

ஈழப்போர் பற்றி ஏன் இல்லை?

தமிழில் இந்தப் பேச்சை எடுத்தால் இரண்டாவது கேள்வியாக இதுதான் வரும். கோயின் வரிசை போன்ற பெரிய வரிசைகள் எதிலும் இலங்கை இதுவரை வந்ததில்லை. காரணங்களில் ஒன்று வெளிப்படை: காயம் ஆறவில்லை, என்ன எழுதினாலும் யாராவது ஒரு தரப்பு கொதிக்கும். வாங்கும் கூட்டத்தில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பதால், தங்கள் ராணுவம் போகாத போரில் அவர்களுக்கு ஆர்வமும் குறைவு.

வடிவமைப்பு ரீதியாகப் பாருங்கள். 1987 ஜூலையில் இந்திய–இலங்கை ஒப்பந்தம், இந்திய அமைதிப்படை வருகிறது. அக்டோபரில் அமைதிப்படையும் விடுதலைப் புலிகளும் மோதுகிறார்கள். அதே நேரம் தெற்கில் சிங்கள இடதுசாரி இயக்கமான ஜேவிபியின் கிளர்ச்சி. 1989இல் பிரேமதாச அரசு, அமைதிப்படையை வெளியேற்றும் நோக்கில், தான் போரிட்டுவந்த புலிகளுக்கே ஆயுதம் கொடுக்கிறது. 1990 மார்ச்சில் அமைதிப்படை கிளம்ப, ஜூனில் அரசும் புலிகளும் மறுபடி போர். மூன்றே வருடம். இதை இரண்டு பக்க ஆட்டமாக யார் எழுத முடியும்? நான்கு தரப்பு, நான்கு வெற்றி நிபந்தனை, நடுவில் மாறும் கூட்டணி எல்லாம் இருந்தால்தான் தொடங்கவே முடியும். அதிலும் கடைசி வருடமான 2009ஐ எந்த விதியாக எழுதுவது என்று யோசித்தால் எனக்குப் பேனா ஓடவில்லை. அப்படி ஒரு ஆட்டம் வந்தால் ஆடுவேனா? தெரியாது. விதிப்புத்தகத்தை நிச்சயம் வாசிப்பேன்.

காலனியாதிக்கப் போர்கள்? அவை பழையவைதானே?

பழையதென்றால் சூடு ஆறிவிடும் என்று நினைத்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ‘ஸ்க்ராம்பிள் ஃபார் ஆப்பிரிக்கா’ என்ற ஆட்டத்தை ஜிஎம்டி முன்பதிவுக்கு வைத்து, ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டதை ஜாலியான கண்டுபிடிப்புப் பயணமாகக் காட்டுகிறது என்ற விமர்சனம் எழ, 2019இல் பட்டியலிலிருந்தே எடுத்தது. அதே வருடம் அதே நிறுவனம் ‘காந்தி’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. ஆங்கிலேய அரசு, காங்கிரஸ், முஸ்லிம் லீக், புரட்சியாளர்கள் என்று நான்கு தரப்பு. அறவழிப் போராட்டத்துக்குத் தனி விதிகள். அதற்கு வரவேற்பு. ஆளப்பட்டவர்கள் மேசையில் உட்கார்ந்திருக்கிறார்களா இல்லையா என்பதுதான் இரண்டுக்கும் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

இந்த வகைப் போர்களில் பெயரே ஒரு தகராறு. அல்ஜீரியாவில் 1954 முதல் 1962 வரை நடந்ததைப் பிரான்ஸ் ‘போர்’ என்று சட்டபூர்வமாக ஒத்துக்கொண்டது 1999இல்தான். மலாயாவில் 12 வருடம் நடந்ததற்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘நெருக்கடிநிலை’. போர் என்றே ஒப்புக்கொள்ளாததற்குப் போர் விளையாட்டு எங்கிருந்து வரும்? இன்று இரண்டுக்கும் உண்டு: ‘கொலோனியல் ட்விலைட்’ (2017), ‘தி பிரிட்டிஷ் வே’ (2023). இரண்டாவதில் மலாயாவோடு பாலஸ்தீனம், கென்யா, சைப்ரஸும் இருக்கின்றன.

நடக்காத போர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆட்டங்கள்?

‘நெக்ஸ்ட் வார்’ வரிசையைச் சொல்கிறீர்கள் போல. கொரியா, தைவான், இந்தியா–பாகிஸ்தான், போலந்து. நடக்காத போரில் யாரும் சாகவில்லை, யார் வீட்டு நினைவும் கிடையாது, எந்த முன்னாள் சிப்பாயும் கடிதம் எழுத மாட்டார். புத்தம் புது விமானமும் ஏவுகணையும் வேறு. நடந்த கிளர்ச்சிப் போரைவிட நடக்காத பெரும்போர் கூச்சமில்லாத சரக்கு.

இந்த வடிவமைப்பாளர்களுக்குச் சார்பு இருக்காதா?

இருக்கும். 2010இல் வந்த ‘லேபரிந்த்’, செப்டம்பர் 11க்குப் பிந்தைய ‘பயங்கரவாதத்துக்கு எதிரான போர்’ பற்றியது. அதைச் செய்த ருன்கே சிஐஏவில் பணிபுரிந்தவர், அதை மறைக்கவும் இல்லை. அதில் முஸ்லிம் நாடுகள் தாமாக எதையும் செய்வதில்லை. நல்ல ஆட்சி, சுமார், மோசம் என்று அவற்றை மற்றவர்கள் ஏற்றி இறக்குவார்கள். அங்கே வாழ்பவர் இதைப் பார்த்தால் எரிச்சல் வருவது நியாயம். ஆனால் ஒரு நன்மை உண்டு. செய்தியில் சார்பு வார்த்தைக்குள் ஒளிந்திருக்கும். ஆட்டத்தில் அது விதி எண் போட்டு அச்சாகியிருக்கும். விரலை வைத்து ‘இந்த வரி தப்பு’ என்று சொல்லலாம், பிடிக்காவிட்டால் மாற்றி ஆடலாம்.

நான் ஆரம்பிக்க வேண்டும். எதில் தொடங்குவது?

‘ஃபயர் இன் த லேக்’ வேண்டாம், அது முதல் ஆட்டத்துக்குக் கனம். இரண்டு பேர்தான் என்றால் ‘கொலோனியல் ட்விலைட்’. கோயின் வரிசையிலேயே இருவருக்கென்று செய்த முதல் ஆட்டம். மூன்று நான்கு பேர் இருந்தால் ‘கியூபா லிப்ரே’ (2013): மேப் சின்னது, ஒரு மாலையில் முடியும், கியூபாவின் சர்வாதிகாரி பாடிஸ்டாவின் அரசை மாஃபியா கூட்டாளியாகவும் போட்டியாளராகவும் ஒரே நேரத்தில் உறிஞ்சுவது பார்க்கச் சுவாரசியம். தனியாக, கணினியில் என்றால் ‘திஸ் வார் ஆஃப் மைன்’; ராத்திரி தூங்கப் போகும் முன் வேண்டாம்.

எதை வாங்கினாலும், பெட்டியைத் திறந்ததும் கவுன்டர்களைப் பிரிக்க உட்காராதீர்கள். விதிப்புத்தகத்தில் ‘வெற்றி’ என்று இருக்கும் பக்கத்தைத் தேடி முதலில் படியுங்கள். பெரும்பாலும் கடைசியில், அரைப் பக்கம்தான் இருக்கும்.